குதிரைக்கு வேட்டி கட்டிய ஊரில்...

எங்கள் பள்ளிப்பட்டில் பஸ் ஏறி, டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டீர்களானால், முழிக்கும்போது கடை போர்டு எல்லாம் ஜிலேபி எழுத்தாக மாறியிருக்கும். 'ஐயையோ, கண்ணுக்கு ஏதோ ஆயிடுச்சு' என்று பதற வேண்டாம். ஆந்திரா வந்துவிட்டது, அவ்வளவுதான்.

என் தாய்மாமன் இந்த எல்லை சமாசாரத்தில் இன்னும் ஒரு படி மேலே. 1954-ல் ஆந்திராவில் பிறந்தார். 1960 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் வசிக்கிறார். நடுவில் வீடு மாறவே இல்லை! சித்தூர் ஜில்லாவிலிருந்து திருத்தணி தாலுகாவும் பள்ளிப்பட்டு சப்-தாலுகாவும் அன்றைய சென்னை ராஜ்யத்துக்கு வந்தபோது, மாமாவும் திண்ணையில் உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்துவிட்டார். "தேதியைப் பார்த்துட்டு ஏப்ரல் ஃபூல் பண்றாங்கன்னுதான் எங்கப்பன் கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தான்" என்பார்.

நாற்பது வருஷம் தறிக் குழியில் காலைத் தொங்கப் போட்டு லுங்கி நெய்தவர். மிச்ச நேரமெல்லாம் கோயில் மண்டபத்துத் தரையில் ஆடு புலி ஆட்டம். தமிழில் 'ஆடு புலி' என்று சவால் விட்டாலும் சரி, தெலுங்கில் 'புலி மேக' என்று விட்டாலும் சரி, வந்தவனை அவனவன் பாஷையிலேயே தோற்கடித்து அனுப்புவார்.

2022 ஜூலைக் கடைசியில் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் ஆரம்பித்தது. ரஷ்யாவில் நடந்திருக்க வேண்டிய போட்டி. பிப்ரவரியில் உக்ரைன் மேல் படை போக, அங்கே வேண்டாம் என்று முடிவாகி, மார்ச்சில் நம் ஊருக்கு வந்தது. நாலே மாசத்தில் பந்தல் போட்டு, உலகத்தையே கூப்பிட்டு விட்டார்கள். (எங்கள் தெருவில் கல்வெட்டு போட ஆறு வருஷம் ஆனது என்பது வேறு கதை.)

"மாப்ளே, என்னை அங்கே கூட்டிக்கிட்டுப் போ" என்று வந்து நின்றார் மாமா.

"உங்களுக்கு செஸ் தெரியாதே மாமா?"

"எனக்குக் கண்ணும்தான் தெரியல. அதுக்காகப் பார்க்காம இருக்கேனா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் பிரஷர். ஓசைப்படாமல் வந்து ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும் வியாதி. இடது கண் ஏறக்குறையப் போய்விட்டது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த புதன்கிழமை தேதி.

வீட்டில் இன்னொரு நோயாளியும் உண்டு. என் மகள் கனி, ஏழாம் வகுப்பு. மே மாசம் ஒரு போட்டிக்குப் போய் வரிசையாக நாலு ஆட்டம் தோற்று, செஸ் போர்டை பீரோ மேலே தூக்கிப் போட்டவள் அதற்கப்புறம் இறக்கவே இல்லை. "நான் வரலை" என்றாள். "உங்க அப்பனுக்கு ஒரு எழவும் புரியாது. எனக்கு யாரும்மா விளக்கிச் சொல்றது?" என்றார் மாமா. கிளம்பிவிட்டாள்.

ஆகஸ்ட் 6, சனிக்கிழமை. விடிவதற்கு முன் பஸ். திருத்தணி, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று நாலு பஸ் மாறி, இடுப்பு எலும்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே மாமல்லபுரத்தில் இறங்கினோம். இறங்கியதும் எதிரே நின்றது 'தம்பி'. ஒலிம்பியாட்டின் சின்னம். குதிரைத் தலை, வெள்ளைச் சட்டை, வேட்டி, கை கூப்பிய வணக்கம்.

மாமா தன் வேட்டியையும் குதிரையின் வேட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "கரை சரியில்லை" என்றார். நெசவாளி!

ஆட்டம் மூன்று மணிக்குத்தான். காலையில் ஆட்டக்காரர்கள் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு சிற்பம் பார்க்கவும் இளநீர் குடிக்கவும் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். மாமா சும்மா இருப்பாரா? கடைக்காரரிடம் பழைய பேப்பர் வாங்கி, கனியின் பேனாவால் கோடு போட்டு, இருபத்து மூன்று புள்ளி வந்ததா என்று எண்ணிக்கொண்டார். மடியிலிருந்து பதினைந்து புளியங்கொட்டை, மூன்று சோழி.

கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர் டீ கிளாஸோடு நின்று எட்டிப் பார்த்தார். கனி தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினாள். பதினைந்தும் ஆடு, மூன்றும் புலி. புலி தாண்டி வெட்டலாம். ஆடு வெட்ட முடியாது, சூழ்ந்துகொண்டு புலியை நகர விடாமல் கட்டலாம். எல்லா ஆட்டையும் இறக்கி முடிக்கும் வரை எந்த ஆடும் நகரக் கூடாது.

அவர் ஆடு கேட்டார். பத்து நிமிஷத்தில் மாமாவின் புலி ஆறு ஆட்டைத் தின்றது. "இன்னொரு தரம்" என்றார். இந்த முறை நாலு. மூன்றாவது ஆட்டத்தில் மாமாவின் ஒரு புலி மூலையில் மாட்டிக்கொண்டது. தொடையைத் தட்டிக்கொண்டு "நேர்ச்சுக்குன்னாடுரா!" என்று மாமா தெலுங்கில் கத்த, அவருக்கு அர்த்தம் எப்படியோ புரிந்து வாய் நிறையச் சிரித்தார். பிறகு மண்ணில் விரலால் குழி குழியாக வரைந்து காட்டினார். எங்கள் ஊரில் இப்படி ஒரு ஆட்டம் உண்டு என்றார். நாலு வரிசை, வரிசைக்கு எட்டுக் குழி, அறுபத்து நாலு கொட்டை, பேர் ஒம்வேசோ.

"அட, பல்லாங்குழி!" என்றார் மாமா. "நம்மது பதினாலு குழிதான். இவங்க ஊர்ல பொம்பளைங்களுக்கு அவ்வளவு நேரம் இருக்கா?"

கனி அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

மூன்று மணி. செல்போனை வெளியே ஒப்படைத்துவிட்டு ஹாலுக்குள் நுழைந்தோம். நான் இவ்வளவு பெரிய மௌனத்தைக் கேட்டதில்லை. ஏறக்குறைய 350 அணி, அணிக்கு நாலு பேர். கல்யாண மண்டபம் மாதிரி கூட்டம், சாவு வீடு மாதிரி அமைதி. அந்த ஒலிம்பியாட்டில் ஆடிய எட்டு வயது பாலஸ்தீனச் சிறுமியும் உண்டு, நிறைமாத கர்ப்பிணியான நம் ஹரிகாவும் உண்டு.

முன் வரிசையில் அன்றைக்குப் பெரிய சண்டை. அமெரிக்காவும் நம் இரண்டாவது அணியும். முதல் போர்டில் 16 வயது குகேஷ், எதிரே கருவானா. உலக சாம்பியன் பட்டத்துக்கே கார்ல்சனோடு மோதியவர். குகேஷ் அதற்குள் வரிசையாக ஏழு ஆட்டம் ஜெயித்திருந்தார்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற மாமாவுக்கு மேஜை ஒரு வெள்ளை மங்கலாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். தலையை வலது பக்கமாகச் சாய்த்துச் சாய்த்து, பாக்கியிருக்கும் கண்ணைப் போர்டுக்கு நேராகக் கொண்டுவரப் பார்த்தார். முடியவில்லை. கனி அவர் உள்ளங்கையை விரித்து, அதில் விரலால் கட்டம் போட்டு, "தாத்தா, இங்க ராஜா... இங்க குதிரை" என்று கிசுகிசுக்க ஆரம்பித்தாள்.

"ராஜாவை எப்போம்மா வெட்டுவாங்க?" மாமாவின் ரகசியக் குரல் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். நாலு தேசத்தார் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தொண்டர் உதட்டில் விரல் வைத்தார்.

"வெட்ட மாட்டாங்க தாத்தா. நகர இடமில்லாம பண்ணிடுவாங்க. அதோட ஆட்டம் முடிஞ்சது."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அடப் போம்மா... இது புலியைக் கட்டற ஆட்டம்!" என்றார், மறுபடியும் அதே குரலில். இந்த முறை தொண்டர் எங்களை நாகரிகமாக வெளியே கொண்டுவந்து விட்டார். அதுவரை ஒன்றரை மணி நேரம் பார்த்துவிட்டோம். கனியின் விரல் மாமாவின் உள்ளங்கையை விட்டு எடுக்கவே இல்லை.

திரும்பும்போது காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் போனைப் பார்த்தேன். குகேஷ் கருவானாவை ஜெயித்துவிட்டார். எட்டாவது ஆட்டத்திலும் வெற்றி! அமெரிக்கா 3-1 என்று அவுட். (கடைசியில் அந்த அணிக்கு வெண்கலம், தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு. குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியனே ஆனபோது, "நான் பக்கத்துல நின்னு பார்த்த பையன்" என்று மாமா பள்ளிப்பட்டு முழுக்க அளந்தார். 'பார்த்த' என்பதில் மட்டும் நாங்கள் யாரும் குறுக்கிடவில்லை.)

திருத்தணிக்கு வந்தபோது மணி பத்தே முக்கால். எங்கள் ஊர்க் கடைசி பஸ் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டு சிமெண்டுத் திண்ணையில் துண்டை விரித்தோம். நான் தூங்கிவிட்டேன்.

பேச்சுக் குரல் கேட்டு முழித்தேன். திண்ணையில் செங்கல் துண்டால் ஆடு புலிக் கட்டம். மாமா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வாயால் சொல்லச் சொல்ல, கனி அவருடைய புலியையும் தன் ஆட்டையும் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"என்ன மாமா, தூக்கத்துல ஆடறீங்களா?"

"பழகிக்கறேன் மாப்ளே. புதன்கிழமை ஏதாவது முன்னே பின்னே ஆயிட்டா, ஆட்டம் நிக்கக் கூடாது பாரு." கண்ணைத் திறக்கவில்லை. "என் புலி எங்கேம்மா இருக்குது?"

"ரெண்டு புலி கட்டியாச்சு தாத்தா. மூணாவது மேலே இருக்கு."

"பொய் சொல்லாதே. ஒண்ணுதான் கட்டியிருக்கே. ரெண்டாவதுக்கு இடது பக்கம் வழி இருக்குது."

கனி குனிந்து பார்த்தாள். இருந்தது. அவசர அவசரமாக ஒரு புளியங்கொட்டையை அங்கே கொண்டுபோய் வைத்தாள்.

பள்ளிப்பட்டு முதல் பஸ் ஹாரன் அடித்தது. "கண்டக்டர், ஒரு அஞ்சு நிமிஷம்!" என்று அந்தப் பக்கமே திரும்பாமல் கையைத் தூக்கினார் மாமா.