ஒன்பதாவது பாட்டு

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

எங்கள் அம்மா பிறந்த ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது. செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் போய், மாமல்லபுரத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பேருந்து பிடிக்க வேண்டும். ஆண்டுதோறும் மே மாதத்தில் அங்கே மாதா திருவிழா. கொடியேற்றம், ஒன்பது நாள் நவநாள், கடைசி இரவு தேர்ப்பவனி. தேர் தெருவெல்லாம் சுற்றி நிலைக்கு வந்ததும் கோவில் திடலில் மெல்லிசைக் கச்சேரி ஆரம்பமாகும். தேரின் அழகைப் பற்றி எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நான் சொல்ல வந்தது கச்சேரியைப் பற்றி.

எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் ஒரே குழுதான் வருகிறது. குழு மட்டுமா? பாட்டுகளும் அவையே, வரிசையும் அதுவே! முதல் இரண்டும் மாதா பாடல்கள். மூன்றாவது பி. சுசீலா பாடிய பழைய பாட்டு. அப்புறம் சிவாஜி பாட்டு ஒன்று, இளையராஜாவின் ஜோடிப் பாட்டு நான்கு. ஒன்பதாவது, ‘படகோட்டி’ படத்தில் டி. எம். சௌந்தரராஜன் பாடிய கடல் தொழிலாளர் பாட்டு. 1964-இல் வந்த படம், வாலி எழுதியது. எம்.ஜி.ஆர். மீனவராக நடித்த படம் என்றால் எங்கள் ஊரில் அதற்கு எத்தகைய மரியாதை இருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ? அதற்குப் பிறகு குத்துப் பாட்டுகள். கடைசியில் மறுபடி ஒரு மாதா பாடல். இருபது பாட்டு முடிவதற்கும் மணி பன்னிரண்டு அடிப்பதற்கும் சரியாக இருக்கும். பன்னிரண்டைத் தாண்டவும் முடியாது. இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு வந்த விதி. திருவிழாக்களுக்காக ஆண்டில் பதினைந்து நாட்களுக்கு மிகாமல் அரசு பன்னிரண்டு மணி வரை தளர்த்தலாம், அவ்வளவுதான். இரண்டு போலீஸ்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே திடலோரம் நிற்பார்கள்.

நான் எட்டாம் வகுப்பு முடித்த விடுமுறையில்தான் வம்பு தொடங்கிற்று. மாமா படகு நிழலில் உட்கார்ந்து வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பொறியியல் படிக்கும் என் பெரியம்மா மகன், அவனுக்கருகில் நான்.

“இந்த வருஷமும் அதே இருபது பாட்டா மாமா? எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. பாடுறவங்களுக்கு அலுக்காதா?” என்றேன்.

“கேக்குறவங்களுக்கு அலுக்கலையே!” என்றார் மாமா.

“இளையராஜா ஆயிரம் படத்துக்கு மேல மியூசிக் போட்டிருக்கார். அதுல நாலே நாலு பாட்டுதான் கிடைச்சுதா இவங்களுக்கு?”

மாமா இளையராஜாவின் பரம ரசிகர். சென்னையில் அவருடைய கச்சேரிக்கு இரண்டு முறை போய் வந்தவர். “ராஜா சாரே மேடை ஏறினா ‘தாய் மூகாம்பிகை’ பாட்டுலதான் ஆரம்பிக்கிறார். 1982-ல வந்த படம் அது. அவருக்கு வேற பாட்டு இல்லாமலா?” என்று மடக்கினார்.

அண்ணன் விடவில்லை. “அதைத்தான் மாமா ரசிகர்களே குறை சொல்றாங்க. போன தடவை பாடினதையே இந்தத் தடவையும் பாடறார், யாரும் தொடாத நல்ல பாட்டு எவ்வளவோ கிடக்குதுன்னு ஒவ்வொரு கச்சேரிக்குப் பிறகும் ஒரு சண்டை நடக்குது” என்றான். பிறகு ஏ. ஆர். ரஹ்மான் கதையைச் சொன்னான். 2017 ஜூலை 8-ஆம் தேதி லண்டன் வெம்பிளியில் ரஹ்மானின் கச்சேரி. தலைப்பே தமிழில், ‘நேற்று இன்று நாளை’ என்று. அப்படியிருந்தும் தமிழ்ப் பாட்டுகள் அதிகமாகிவிட்டன என்று இந்தி ரசிகர்கள் சிலர் பாதியில் எழுந்து போய், டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்டார்களாம்! ஒரே பாட்டைப் பாடினாலும் கோபம், எதிர்பாராததைப் பாடினாலும் கோபம். பாடகர்கள் பாவம்தான்.

நானும் என் பங்குக்கு டெய்லர் ஸ்விஃப்டை இழுத்தேன். (எங்கள் வகுப்பில் அவருக்குப் பாதிப் பேர் ரசிகைகள். சிஸ்டர் மன்னிப்பாராக!) 2023 மார்ச் முதல் 2024 டிசம்பர் வரை 149 கச்சேரிகள். ஒவ்வொன்றும் மூன்று மணி நேரத்துக்கு மேல். பாட்டு வரிசை அநேகமாக ஒன்றேதான். ஆனால் இரவுக்கு இரண்டு பாட்டு மட்டும் என்னவென்று யாருக்கும் தெரியாது. தனியாகக் கிதாரோ பியானோவோ வைத்துக்கொண்டு பாடுவார். அந்த இரண்டுக்காக உலகத்தின் மறு மூலையில் இருப்பவர்கள்கூடத் தூக்கம் கெட்டுக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

“பாத்தீங்களா! புதுசுன்னாத்தான் எல்லாரும் ஓடி வர்றாங்க” என்றேன்.

“அப்ப மத்த பாட்டெல்லாம் மாறலைங்கிற?” என்று கேட்டுவிட்டு மாமா ஊசியில் நூலை ஏற்றினார். எனக்கு அது அப்போது பதிலாகவே படவில்லை.

அண்ணனும் நானும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் புதிய பட்டியல் எழுதினோம். இளைஞர் மன்றத்தார் உற்சாகமாகக் கையொப்பம் போட்டார்கள். கச்சேரி நாள் மாலை குழுத் தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன்; சிரித்தார்.

“பாப்பா, வரிசைன்னா சும்மா வச்சது இல்லம்மா. தபேலாவுக்குச் சுதி சேர்க்கணும். ஒரே சுதியில இருக்கிற பாட்டையெல்லாம் அடுத்தடுத்து வச்சாத்தான் நேரம் வீணாகாது. உச்சத்துல பாடுற பாட்டு ரெண்டைச் சேர்த்து வச்சா பாடகர் தொண்டை போயிடும். ஜோடிப் பாட்டு நாலு பாடின பொண்ணு கொஞ்சம் தண்ணி குடிக்க வேணாமா? அதுக்குத்தான் ஒன்பதாவது ஆம்பளைப் பாட்டு” என்றார்.

இத்தனை காலம் சோம்பேறித்தனம் என்று நான் நினைத்திருந்ததற்குள் இவ்வளவு கணக்கு! இருந்தும் பட்டியலை அவர் மறுக்கவில்லை. எங்கள் புதுப் பாட்டுகளில் அவர்களுக்குத் தெரிந்த எட்டை எடுத்துக்கொண்டார். அவற்றுக்கு இடம் வேண்டுமே என்று பழைய பாட்டுகளில் சிலவற்றை விட்டு, மற்றவற்றை முன்னும் பின்னும் தள்ளினார். ‘படகோட்டி’ மூன்றாவது இடத்துக்குப் போயிற்று. நான் அதைக் கவனித்தேன். மூன்றாவதாக இருந்தால் என்ன, ஒன்பதாவதாக இருந்தால் என்ன என்று நினைத்தேன்.

கச்சேரி பிரமாதம்! அதை மறைக்க மாட்டேன். எங்கள் பாட்டுகளுக்கு இளைஞர்கள் ஆடிய ஆட்டத்தில் திடல் மண் வாய்க்குள் வந்தது. நான் எழுதிய பட்டியல் மேடையில் ஒலிக்கிறது என்ற பெருமையில் என் கால் தரையில் படவில்லை. ஆனால் வேறு சில விஷயங்களும் நடந்துகொண்டிருந்தன. சுசீலா பாட்டு முடிந்ததும் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறு ஊட்டித் தூங்க வைத்துவிட்டு வருவது அங்கே பெண்களின் வழக்கம். அன்று அந்தப் பாட்டே வராததால் எப்போது எழுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் பசியால் அழுதன. சிவாஜி பாட்டு தொடங்கினால் பாலை அடுப்பில் ஏற்றும் டீக்கடைத் தாத்தா, அது இரண்டாவதாகவே வந்துவிட்டதால் அவசரமாக ஏற்றி, வாங்க ஆளில்லாமல் நின்றார். கச்சேரி எங்கள் ஊருக்கு ஒரு கடிகாரமாகவும் இருந்திருக்கிறது. நான் அதன் முள்ளைத் திருப்பி வைத்துவிட்டேன்.

மணி பத்தரை. சித்தி வந்தாள்.

சித்தி மாமல்லபுரத்தில் ஒரு விடுதியின் சமையற்கட்டில் வேலை செய்கிறாள். கோடை விடுமுறையில் அங்கே கூட்டம் நெரியும். திருவிழா என்று சொன்னாலும் விடுப்பு கிடைக்காது. பத்து மணிக்குப் பாத்திரமெல்லாம் கவிழ்த்துவிட்டுக் கடைசிப் பேருந்தில் ஏறினால் பத்தரைக்கு ஊர் வந்து சேரலாம். திருப்பலி போயிற்று, தேர் போயிற்று, எட்டுப் பாட்டு போயிற்று. ஒன்பதாவது பாட்டு மட்டும் அவளுக்கென்று காத்திருக்கும். அது தாத்தாவின் பாட்டு. தாத்தா வலை இழுக்கையில் அதைத்தான் பாடுவாராம். அவர் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சித்திக்கு இந்தக் கச்சேரியில் வேறெதுவும் வேண்டாம்.

பையைக் கூட இறக்கி வைக்காமல், “இன்னும் பாடலையே?” என்று கேட்டாள்.

ஆயா என் முகத்தைப் பார்த்தார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. “பாடிட்டாங்க சித்தி. இந்த வருஷம் மூணாவதா வந்துடுச்சு.”

“அப்படியா? சரி” என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்து, எனக்காக வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தாள். அதிலிருந்த முறுக்கு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அந்தப் பாட்டை மறுபடி பாடும்படி ஒரு சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பினேன். மேடையில் ஏற்கெனவே ஐம்பது சீட்டுகள் குவிந்திருந்தன. பன்னிரண்டுக்கு ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள்.

பள்ளி திறந்த பிறகும் இது மனத்தை விட்டுப் போகவில்லை. பாட்டு டீச்சரிடம் கேட்டேன். கர்நாடக இசைக் கச்சேரியிலும் வரிசை உண்டு என்றார்: முதலில் வர்ணம், பிறகு சிறிய கீர்த்தனைகள், நடுவில் பெரிய உருப்படி, அதைத் தொடர்ந்து தனி ஆவர்த்தனம், பிறகு துக்கடாக்கள், முடிவில் மங்களம். அந்த வரிசைக்கு இன்றுள்ள உருவத்தைக் கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). டி. எம். கிருஷ்ணா அதைக் கேள்வி கேட்டு, வர்ணத்தை நடுவில் வைத்தெல்லாம் பாடியிருக்கிறார். அதற்கும் சபாக்களில் சண்டை! ஆனால் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையன்று ஆண்டுதோறும் அதே ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைத்தான் பாடுகிறார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. போன வருஷம் கேட்டதுதானே என்று யாரும் எழுந்து போவதில்லை.

பாடற்குழுவைப் பயிற்றுவிக்கும் சிஸ்டர் வேறு விதமாகச் சொன்னார்: “திருப்பலியில் மாறாத பகுதியும் உண்டு, மாறும் பகுதியும் உண்டு. வாசகம் தினம் மாறுகிறது. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை சுற்றி வருகின்றன. வானவர் கீதத்தைத் தவக்காலத்து ஞாயிறுகளில் விட்டுவிடுகிறோம் அல்லவா? பாஸ்கா இரவில் மணியடித்து அதைத் திரும்பப் பாடும்போது உனக்கு எப்படி இருக்கிறது?” எனக்கு மயிர்க்கூச்செறியும். ஆனால் இன்ன இரவில், இன்ன இடத்தில் அது திரும்ப வரும் என்று தெரிந்திருப்பதால்தானே அப்படி!

நான் யோசித்துப் பார்த்தேன். ஒரே பாட்டு அலுக்கிறது என்று சண்டை போட்ட நாங்கள் எல்லாருமே முதல் வரிசையில் பாய் விரித்து, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்து கேட்கக் கொடுத்து வைத்தவர்கள். இளையராஜா பழையதையே பாடுகிறார் என்று வருந்துகிறவர் அநேகமாக ஐந்து கச்சேரி கேட்டவராயிருப்பார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஓராண்டு பணம் சேர்த்து முதன்முறையாக வந்தவர் இருக்கலாம். அவருக்குத் ‘தாய் மூகாம்பிகை’ பாட்டில் தொடங்காவிட்டால் அது ராஜா கச்சேரியே அல்ல. அதற்காகப் புதிது கேட்கும் ஆசை தப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாட்டு பெட்டிக்குள் கிடந்தால் மக்கிப்போகும். அந்த ஆண்டு நாங்கள் சேர்த்த எட்டில் ஒரு பாட்டை இன்று எங்கள் ஊர்ச் சிறுவர்கள் கடற்கரையில் பாடிக்கொண்டு திரிகிறார்கள்.

ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் மறுபடி நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். இம்முறை முதலில் சித்தியிடம் பேருந்து நேரம் கேட்டேன். டீக்கடைத் தாத்தாவிடமும் கேட்டேன், அவர், “உனக்கு வேற வேலை இல்லையா?” என்றார். பழைய வரிசை அப்படியே. பத்துக்குப் பிறகு இரண்டு இடங்களை மட்டும் வெறுமையாக விட்டு, அங்கே என்ன வரும் என்பதைக் குழுத் தலைவர் தவிர யாருக்கும் தெரியக் கூடாது என்று எழுதினேன். “ஜோடிப் பாட்டா இருக்கக் கூடாது, அந்தப் பொண்ணுக்கு மூச்சு வாங்கணும்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று இரவு எட்டாவது பாட்டின்போதே நான் பேருந்து நிறுத்தத்துக்குப் போய் நின்றுகொண்டேன். பேருந்து பத்து நிமிடம் தாமதம். சித்தியின் பையை வாங்கிக்கொண்டு ஓடினேன். அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் என் பின்னால் ஓடி வந்தாள். திடலை அடையவும் ‘படகோட்டி’ பாட்டின் ஆரம்ப இசை எழவும் சரியாக இருந்தது. மாமா இடம் பிடித்து வைத்திருந்தார். சித்தி உட்கார்ந்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல்லவி முடிந்து முதல் சரணம் வருவதற்குள் பக்கத்து வீட்டு அக்காவிடம் திரும்பி, “இன்னைக்கு வஞ்சிரம் என்ன விலைக்குப் போச்சு?” என்று கேட்டாள். பாட்டு முடியும்வரை இருவரும் மீன் விலைதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.