ருஷிய நாட்டுச் சிற்றூர்களும் அவற்றின் எல்லைகளும்

ஒரு நாட்டின் உட்பிரிவுகளைப் பற்றிப் படித்தல் மாணவர்க்கு உவப்பான செயலன்று. மாகாணங்கள் இத்துணை, ஜில்லாக்கள் இத்துணை, அவற்றின் தலைநகரங்கள் இவையெனப் பூகோள நூல் அடுக்கிச் செல்லுங்கால், பரீட்சை முடியுமளவும் அவற்றை நெஞ்சிற் சுமந்து, முடிந்த அன்றே இறக்கி வைப்பது நம்மனோர் வழக்கம். யாமும் அவ்வழக்கத்திற்கு விலக்கல்லேம். ஆயினும், யாம் செய்த பிழையொன்று எம்மை அப்பொருளுக்கே மீளவும் இழுத்துச் சென்றது. அப்பிழையையும் அதன்வழி யாம் அறிந்தவற்றையும் இப்பத்திரிகையைப் படிப்போர்க்குச் சொல்லுதலே எம் கருத்தாகும்.

ருஷிய ஆசிரியராகிய அந்தோன் செகாவ் 1897-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'குடியானவர்கள்' என்னுங் கதையை ஆங்கிலத்தினின்று தமிழிற் பெயர்க்க ஒருகால் யாம் துணிந்தோம். மாஸ்கோ நகரத்து விடுதியொன்றிற் பரிசாரகனாயிருந்த ஒருவன் நோயுற்று, மனைவியோடும் மகளோடும் தன் சொந்த ஊராகிய ஷூக்கவோவிற்குத் திரும்புவதும், அங்கே அவர்கள் காணும் வறுமையுமே அக்கதையின் பொருள். யாம் ஷூக்கவோவையும் கிராமம் என்றோம். ஆற்றின் அக்கரையிலே ஐந்து குவிமாடங்களையுடைய தேவாலயம் விளங்கும் ஊரையும் கிராமம் என்றோம். வரிப் பாக்கிக்காகக் குடியானவர் வீட்டுத் தேநீர்ப் பாத்திரத்தை எடுத்துச் செல்லும் 'ஸ்தாரஸ்தா'வை மணியக்காரர் என்றோம். 'ஸேம்ஸ்த்வோ' என்னும் சொல்லுக்கு ஒன்றுந் தோன்றாமையால், சர்க்கார் என்று எழுதி முடித்தோம்.

எம் மொழிபெயர்ப்பைப் பார்வையிட்ட ஆசிரியர் ஒருவர் அம்மூன்று சொற்களின் கீழும் கோடிட்டு, ஓரத்தில் இரண்டே வினாக்களை எழுதித் தந்தார். "இரண்டும் கிராமமாயின், இவர்கள் தேவாலயத்திற்கு ஆறு கடந்து செல்வது ஏன்? இவர்கள் குறை கூறுவது யாரை?" யாம் விடையிறுக்கமாட்டாது நாணினோம். பின்னர்ப் புத்தகசாலையை நாடினோம்.

ருஷியர் தம் ஊர்களை ஒரே பெயரால் வழங்குவதில்லை. தேவாலயம் உடைய ஊர் 'செலோ' எனப்படும்; அஃதில்லாத ஊர் 'தெரெவ்னியா' எனப்படும். கொசாக்கியரின் பேரூர் 'ஸ்தனீத்சா'. வயலிடையே தனித்திருக்கும் பண்ணை 'ஹூத்தர்'. வடகாக்கசிய மலைவாணரின் ஊர் 'அவூல்'. செலோ என்பது சுற்றிலுமுள்ள பல தெரெவ்னியாக்களுக்கு நடுவூராய் நின்றது. பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம், வளர்ந்தோர்க்கு விவாகம், இறந்தோர்க்கு அடக்கம் ஆகிய இவை மூன்றுக்கும் சுற்றூரார் அங்கேயே சென்றனர். அவற்றைப் பதிந்த ஏடும் அங்கேயே இருந்தது. ஷூக்கவோ ஒரு தெரெவ்னியா. அக்கரையூர் ஒரு செலோ. நோயாளியின் மனைவி ஊர் வந்து சேர்ந்த அன்றே அக்கரையை நோக்கியிருந்ததன் கருத்து அப்பொழுதுதான் எமக்கு விளங்கிற்று.

ஊர்களின் வகை இவ்வாறாக, அவற்றைத் தொகுத்து ஆண்ட முறை வேறொரு வரலாறாகும். முதலாம் பீட்டர் மன்னர் 1708-ஆம் ஆண்டில் தம் நாட்டை 8 'குபேர்னியா'க்களாகப் பிரித்தார். அவை அளவிறந்த பரப்புடையன. சைபீரியா என்ற ஒரு குபேர்னியா யூரல் மலை தொடங்கிக் கீழ்க்கடல் வரையிற் கிடந்தது. 1775-இல் இரண்டாம் கத்தரீன் அரசியார் அவற்றைப் பின்னும் சிறிதாக்கினார். குபேர்னியா ஒன்றுக்கு 3 முதல் 4 இலட்சம் உயிர்களும், அதன் உட்பிரிவாகிய 'உயேஸ்த்' ஒன்றுக்கு 20 முதல் 30 ஆயிரம் உயிர்களும் இருத்தல் வேண்டுமென்பது அவர் விதித்த கணக்கு. இங்கே உயிர் என்றது வரிக்கணக்கிற் பதிந்த ஆடவரை மட்டுமே. பெண்டிர் அக்கணக்கிற் சேர்ந்திலர். நிலத்தின் பரப்பை நோக்காது தலையை எண்ணி வகுத்தமையால், குடி நெருங்கிய நடுநாட்டில் உயேஸ்த் சிறிதாகவும், குடி அருகிய வடநாட்டில் மிகப் பெரிதாகவும் அமைந்தது. வரி வாங்குவோர்க்கு இரண்டும் ஒன்றே. முறையிட நடந்து செல்வோனுக்கோ அவை ஒன்றல்ல.

1861-இல் பண்ணையடிமைகள் விடுதலை பெற்ற பின்னர், குடியானவர்க்கெனத் தனியே ஓர் ஆட்சியமைப்பு ஏற்பட்டது. ஊரின் குடித்தலைவர் கூடும் கூட்டம் நிலத்தைப் பங்கிட்டது. ஸ்தாரஸ்தா என்னும் ஊர்த்தலைவனைத் தேர்ந்தெடுத்தது. பல ஊர்கள் சேர்ந்தது ஒரு 'வோலஸ்த்'. பத்து வீட்டிற்கு ஒருவராக வந்து கூடி அதன் தலைவனை அமர்த்தினர். சிறு வழக்குகளைத் தீர்க்க அதற்கெனக் குடியானவர் நீதிமன்றமும் இருந்தது. வோலஸ்த் என்னும் சொல் அதிகாரம் எனப் பொருள்படும் சொல்லோடு ஒரே வேரிற் பிறந்தது. ஆயினும் அவ்வதிகாரம் வரம்புடையதே. ஒருவன் செலுத்தாத வரி ஊரார் அனைவர்மேலும் விழும் என்னும் கூட்டுப்பொறுப்பு 1903 வரையில் அவர்களைப் பிணித்திருந்தது.

இதனையறிந்த பின் எம் இரண்டாம் பிழையும் புலப்பட்டது. முற்காலத்து நம் நாட்டு மணியம் பரம்பரை உத்தியோகம். ஸ்தாரஸ்தாவோ தன் அண்டை வீட்டாரால் தேர்ந்தெடுக்கப்பெற்றவன். செகாவின் கதையில் வருபவன் மேலிடத்தார் பக்கமே நின்று கடுமை காட்டுகிறான். ஆனால் தானும் ஏழையே, தானும் வரியை ஒழுங்காகச் செலுத்தாதவனே. ஊரான் ஊரானுடைய பாத்திரத்தை எடுத்துச் செல்லும் அக்கொடுமையை, மணியக்காரர் என்னும் எம் சொல் முற்றும் மறைத்துவிட்டது.

மூன்றாம் பிழையே பெரிது. ஸேம்ஸ்த்வோ என்பது 1864-இல் ஏற்பட்ட தலத்து ஆட்சிச் சபை. அது குபேர்னியாவிலும் உயேஸ்திலும் அமைந்தது. நிலத்தின்மீது வரி விதித்து, அவ்வரியைக் கொண்டு பள்ளிக்கூடம், வைத்தியசாலை, சாலை முதலியவற்றை நடத்திற்று. அஃது அமைந்த குபேர்னியாக்களிலே நாட்டுப்புறத்தார்க்கு எழுத்தும் மருந்தும் கொண்டு சென்றது அதுவே. எனினும், குடியானவர் அறிந்த வோலஸ்தில் அதற்குச் சபை இல்லை. உயேஸ்தின் தலைநகரத்தோடு அது நின்றுவிட்டது. ஆதலின் அதன் வரியை எல்லாரும் உணர்ந்தனர்; அதன் முகத்தை ஒருவரும் கண்டிலர். கதையில் வரும் ஊரார் வறுமைக்கும் விளைவின்மைக்கும் ஸேம்ஸ்த்வோவே காரணமென்று பழிக்கின்றனர். அது யாது என்று அவர்களில் எவருக்குந் தெரியாது.

இதிலே வியப்பொன்று உண்டு. இங்ஙனம் எழுதிய செகாவ் தாமே ஸேம்ஸ்த்வோவிற்காக உழைத்தவர். அவர் 1892 முதல் 1899 வரையில் மாஸ்கோ குபேர்னியாவின் செர்ப்புஹோவ் உயேஸ்திலுள்ள மெலிஹொவோ என்னும் ஊரில் வாழ்ந்தார். 1892-இல் விஷபேதி அச்சுறுத்தியபோது 25 ஊர்களும் 4 தொழிற்சாலைகளும் ஒரு துறவியர் மடமும் அடங்கிய வட்டாரத்தை ஏற்று, ஊதியமின்றி வைத்தியராய்த் திரிந்தார். அப்பக்கத்தில் மூன்று பள்ளிக்கூடங்கள் எழுவதற்கும் காரணமாயினார். தம் கையால் மருந்து பெற்ற மக்கள் தாம் சார்ந்த சபையை இன்னதென்று அறியாது பழித்தலை அவர் கேட்டிருத்தல் கூடும். கேட்டும் அவர்களை அறிவிலிகள் என்று எழுதிற்றிலர். யாம் சர்க்கார் என்றெழுதிய ஒரு சொல்லால் இவ்வளவும் அழிந்தது.

பிற்காலத்து மாறுதல்களைச் சுருங்கக் கூறுவோம். 1923-க்கும் 1929-க்கும் இடையே சோவியத் ஆட்சியார் குபேர்னியா, உயேஸ்த், வோலஸ்த் என்னும் பழம் பிரிவுகளை நீக்கி, 'ஓப்லஸ்த்' முதலிய பெரும்பிரிவுகளையும், அவற்றின்கீழ் 'ராயோன்' என்னும் வட்டங்களையும், அடியிலே கிராம சோவியத்துகளையும் நிறுவினர். ராயோன் என்பது பிரெஞ்சு மொழியினின்று வந்த சொல். கிராம சோவியத்தின் அலுவலகம் குடியானவனுக்கு அண்மையில் வந்ததென்பது மெய்யே. ஆனால் 1932-இல் நகரத்தார்க்கு வழங்கப்பெற்ற அடையாளச் சீட்டு கூட்டுப்பண்ணையார்க்குப் பெரும்பாலும் வழங்கப்பெறவில்லை. ஊரைவிட்டு நெடுநாள் வெளியே செல்ல வேண்டின், அவர்கள் அவ்வலுவலகத்தின் சான்றை வேண்டி நின்றனர். 1974-இல் பிறந்த ஆணையாலேயே அச்சீட்டு எல்லார்க்கும் உரியதாயிற்று. அலுவலகம் அருகில் இருத்தல் ஒன்றே நன்மையாகாது என்பதை இதனால் அறிந்தோம். அருகிலிருந்து அது தருவது யாது, தடுப்பது யாது என்பதையும் வினவல் வேண்டும்.

1960-க்குப் பிற்பட்ட இருபதாண்டுகளில் வேறொரு துன்பம் நேர்ந்தது. திட்டம் வகுத்தோர் சிற்றூர்களை எதிர்காலம் உள்ளன, இல்லன என இருவகையாக்கினர். இல்லன என்று ஏட்டில் எழுதப்பட்ட ஊர்களிற் பள்ளிக்கூடமும் கடையும் மூடப்பட்டன. மக்கள் பெரிய ஊர்களுக்குச் செல்லத் தூண்டப்பெற்றனர். பலர் பெரிய ஊரிலும் தங்காது நகரத்திற்கே சென்றனர்.

2003-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 6-ஆம் நாள் வெளிவந்த தலத்து ஆட்சிச் சட்டத்தைப் படிக்கையில் யாம் சற்றே நிமிர்ந்து அமர்ந்தோம். அது ராயோன் அளவில் ஒரு சபையும், அதன்கீழ்ச் சிற்றூர்த் தொகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு சபையும் வகுத்தது. பல ஊர்கள் சேர்ந்த தொகுதியின் எல்லையைக் குறிக்குங்கால், எந்த ஊராரும் அதன் தலைமையூருக்குக் கால்நடையாய்ச் சென்று ஒரு வேலைநாளுக்குள் மீளுதல் கூடுமாறு வழக்கமாகக் குறித்தல் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. குடி அருகிய இடங்களுக்கும் போக்குவரத்து அரிய இடங்களுக்கும் விலக்குண்டு. கத்தரீன் அரசியார் தலையை எண்ணினார். இச்சட்டமோ காலையும் எண்ணிற்று. கையில் மனுவும் தோளிற் பையுமாகச் செல்லும் ஒரு கிழவியின் நடை, நாட்டின் எல்லைக்கோட்டை வரையும் அளவுகோலாக ஏட்டிலேனும் இடம்பெற்றது.

அவ்வளவுகோல் நெடுங்காலம் நிலைக்கவில்லை. சிற்றூர்ச் சபைகளுக்கு அலுவல் மிகுதி, வருவாய் குறைவு. மக்களும் அருகி வந்தனர். 1897-இல் பேரரசின் நூற்றுவரில் ஏறத்தாழ 87 பேர் நாட்டுப்புறத்தார். 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ருஷியாவில் அவர்கள் ஏறத்தாழ 25 பேரே. 2010-இற் கணக்கெடுத்தபோது, இருந்த 153 ஆயிரம் சிற்றூர்களில் 19 ஆயிரத்துக்கு மேற்பட்டவை ஆளில்லா ஊர்களாயின. ஆகவே, பல தொகுதிகளை ஒன்றாக்கிச் செலவைச் சுருக்குதலே அறிவுடைமை என்றனர் ஒரு சாரார். அண்மையிலுள்ள ஒரே வாயிலையும் அடைத்தலாகாது என்றனர் மற்றொரு சாரார். 2019-இல் ராயோன் முழுவதையும் ஒரே சபையின்கீழ் ஆக்குதற்கு வழி பிறந்தது. 2025 மார்ச்சு மாதம் 20-ஆம் நாள் எழுந்த புதுச்சட்டம் ஒற்றையடுக்கையே பொதுவிதியாக்கி, ஈரடுக்கு முறையை வைத்துக்கொள்ளும் உரிமையைப் பிரதேசங்களுக்கு விட்டது. இரு சாராரிடத்தும் நியாயம் உண்டு. ஆயினும், எட்டும் தொலைவை விட்டு அலுவலகம் அகன்றால் முதலில் இளைப்பவர் முதியோரும் நோயாளருமே என்பது எம் எண்ணம்.

'பகோஸ்த்' என்றொரு பழஞ்சொல்லும் இதற்குச் சான்றாகும். 947-ஆம் ஆண்டில் ஓல்கா அரசியார் நவ்கரோத் நாட்டில் திறை பெறுதற்கு நிறுவிய தலங்களைப் பழைய நாளாகமம் அப்பெயராற் குறிக்கிறது. பின்னர் அது வட்டத்தின் பெயராயிற்று. அதன்பின் தேவாலயமும் கல்லறைகளும் உள்ள இடத்தின் பெயராயிற்று. இந்நாளில் அச்சொல் பெரும்பாலும் இடுகாட்டையே குறிக்கின்றது. ஆட்சி அகன்றது, மக்களும் அகன்றனர், அவர்தம் முன்னோர் மட்டும் அங்கே எஞ்சினர்.

யாம் எம் மொழிபெயர்ப்பைத் திருத்தினோம். ஷூக்கவோவைச் சிற்றூர் என்றும் அக்கரையூரைக் கோயிலூர் என்றும் வேறு பிரித்தோம். ஸ்தாரஸ்தாவை ஊரார் தேர்ந்த தலைவன் என்றோம். ஸேம்ஸ்த்வோ என்னும் சொல்லை மட்டும் பெயர்க்காது அவ்வாறே விட்டோம். அதனைப் படிக்கும் தமிழர், "இஃது யாது?" என்று வினவுதல் கூடும். அக்கதையின் குடியானவரும் அவ்வினாவிற்கு விடையறியாதவரே; படிப்போர் ஒரு கணமேனும் அவரோடு நிற்றல் நன்றென்று கருதி, அடிக்குறிப்பும் எழுதாது விடுத்தோம்.