தூண்டிலும் திதியும்

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓய்வு நாள் என்பது ஒரு விந்தையான பொருள். அது வரும் வரும் என்று ஆறு நாளும் எதிர்பார்க்கிறோம். வந்த பின்னரோ அதை என்செய்வது என்று அறியாமல் திகைக்கிறோம். பாதி நாள் தண்ணீர் பிடிப்பதிலும் துணி துவைப்பதிலும் கழிந்துவிடுகிறது. மீதி நாள் தொலைக்காட்சியின் முன்னரோ, கைப்பேசியைத் தடவுவதிலோ கரைந்து போகிறது. பயணச்சீட்டுச் சாளரத்தின் உட்புறம் அமர்ந்து பிழைக்கும் எங்களைப் போன்றோர்க்கு அந்த ஓய்வும் ஞாயிறன்று வருவதில்லை. எந்தக் கிழமை எங்கள் முறையோ அதுவே எங்கள் ஞாயிறு. பிள்ளைகளின் விடுமுறையும் எங்கள் ஓய்வும் ஒரே நாளில் கூடுவது மாதத்திற்கு ஒருமுறை நேர்ந்தாலே பெரிது.

அவ்வாறு கூடிய நாட்களை எங்கள் வீட்டில் இரண்டாண்டுகளாக எவ்விதம் செலவிடுகிறோம் என்பதை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம். மீன் பிடிப்பதும், வெட்டவெளியில் அடுப்பு மூட்டி அதைச் சமைப்பதும் எங்கள் பொழுதுபோக்கு. செலவு குறைவு என்பது இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம் எங்கள் தந்தையார்.

தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1974ஆம் ஆண்டு தாராவிக்கு வந்தவர். மீட்டர்பாதை வண்டியில் எழும்பூர் வந்திறங்கி, தகரப் பெட்டியைத் தலையிற் சுமந்து சென்ட்ரல் நிலையத்திற்கு நடந்து, அங்கே அகலப்பாதை வண்டியேறித் தாதரில் இறங்கிய கதையை எங்கள் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வர். தோல் பதனிடும் பட்டறையில் நெடுங்காலம் உழைத்தார். எங்கள் தாயார் மறைந்த பிறகு அவருடைய பேச்சு குறைந்தது. பேசினால் அது ஊரைப் பற்றியதாகவே இருந்தது. ஒருநாள் இரவு உணவுக்குப் பின், "ஏலே, எனக்கு ஊருக்கு ஒரு சீட்டுப் போடு. போறதுக்கு மட்டும் போதும்" என்றார். நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர்க்குச் சீட்டு வழங்கும் கை, அந்த ஒரு சீட்டுக்கு எழவில்லை. "முறை முடியட்டும் அப்பா, பார்க்கலாம்" என்று தள்ளிப் போட்டோம். எங்கள் இல்லத்தரசி மட்டும் நேராகவே கேட்டார்: "மாமா, அங்கே யாரு இருக்கா?" தந்தையார் விடை கூறவில்லை. அங்கே இருப்பவை பாதிச் சுவர் நிற்கும் ஒரு வீடும், தம்பியின் குடும்பமும், ஒரு குளமும்.

அந்தக் குளத்தைப் பற்றி மட்டும் கேட்டால் போதும், மனிதர் மாறிவிடுவார். ஐப்பசி மழையில் அது நிரம்புவதும், மயிலிறகுத் தண்டில் தக்கை செய்து மண்புழு கோத்துத் தூண்டில் போட்டதும், சித்திரையில் நீர் வற்றும்போது ஊரே ஊத்தாவும் கையுமாக இறங்கியதும், விரால் வழுக்கிப் போனதும் வரிசையாக வரும். இப்போது அக்குளத்து மீன்பாசி குத்தகைக்கு விடப்படுகிறது. கரையில் தூண்டிலோடு உட்கார்ந்தால் குத்தகைக்காரர் சும்மா இருக்கமாட்டார். தம்பி வீட்டிலிருந்தே இச்செய்தி வந்தது. தந்தையார் அதைக் கேளாதவர் போலவே இருந்தார்.

ஐம்பது ஆண்டுகள் தாராவியில் வாழ்ந்தும் இவர் ஒருமுறையேனும் தூண்டிலைத் தொட்டதில்லை. தாராவியோ ஒரு காலத்தில் மீனவர் சிற்றூர். இத்தீவுகளின் ஆதி மீனவர்களாகிய கோளிகளின் ஆறு பெரிய குடியிருப்புகளுள் ஒன்றாகத் தாராவியை 1909ஆம் ஆண்டுப் பம்பாய் நகர விவரச்சுவடி குறிக்கிறது. தாராவிக் கோளிவாடா இன்றும் இருக்கிறது. துறைமுகத் தடத்தில் குரு தேக் பகதூர் நகர் என்று நாம் அழைக்கும் நிலையத்திற்கும் முன்னாளில் கோளிவாடா என்பதே பெயர். பெயர்கள் நிலைத்த அளவுக்கு நீர் நிலைக்கவில்லை. விஹார், பவாய் ஏரிகளின் மிகைநீரால் பிறந்து, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி மாஹிம் கழிமுகத்தை அடையும் மித்தி ஆறு இன்று நகரின் கழிவுகளையெல்லாம் சுமக்கிறது. மித்தி என்றால் இனிப்பு என்று பொருளாம்! அதில் அகப்பட்டதைக் குழந்தைகளுக்கு எவர் கொடுப்பார்?

ஆகவே நீரைத் தேடி நாங்கள் வண்டியேற வேண்டியதாயிற்று. எங்களுடன் பணிபுரியும் மராத்தியர் ஒருவருக்குச் சொந்த ஊர் கேள்வே. விராருக்கு வடக்கே, சபாலேயைக் கடந்து கேள்வே ரோடு நிலையம். 2013இல் புறநகர் வண்டிகள் டஹாணு வரை நீட்டிக்கப்பட்ட பின் அங்குச் செல்வது எளிதாயிற்று. நிலையத்திலிருந்து பங்கு ஆட்டோவில் மேற்கே சென்றால் சவுக்குத் தோப்பும் அதையடுத்துக் கடலும் வரும். "அண்ணா, காகாவை அழைத்து வாருங்கள். எங்கள் ஆயி தனியாகத்தான் இருக்கிறாள்" என்று நண்பர் பன்முறை வற்புறுத்தினார். சென்றோம்.

அன்று பஞ்சமி. காலை பத்து மணிக்குச் சவுக்குத் தோப்பைக் கடந்து மணலில் இறங்கியபோது தந்தையார் அப்படியே நின்றுவிட்டார். "ஏலே, கடல எங்கலே காணோம்?" என்றார். தொலைவில் வெள்ளிக் கம்பி போல ஒரு கோடு தெரிந்தது. இடையே ஈர மணலும் சேறும் நண்டு வளையுமாகப் பரந்து கிடந்தது. பகலெல்லாம் காத்திருந்தோம். பிள்ளைகள் சிப்பி பொறுக்கினர். பிற்பகல் மூன்று மணிக்குக் கடல் தானாகவே எழுந்து எங்களை நோக்கி வந்தது. ஆனால் அதுவே நாங்கள் வண்டிக்குப் புறப்பட வேண்டிய வேளை.

இதில் தந்தையாரைக் குறை கூற இயலாது. தூத்துக்குடிக் கரையில் கடல் ஏறி இறங்குவது ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். மும்பைக் கரையிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. குளத்தில் மீன் பிடித்தவர்க்கு இது புதுமையாக இராதா? நண்பரின் தாயார் சிரித்துக்கொண்டே அந்தக் கரையின் கணக்கைக் கூறினார். திதியின் எண்ணை முக்காலால் பெருக்க வேண்டும். வருவது ஏற்றம் உச்சத்தைத் தொடும் மணி. அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் பன்னிரண்டு மணியளவில் ஏற்றம். சதுர்த்தியன்று மூன்று மணி. அஷ்டமியன்று ஆறு மணி. வளர்பிறைக்கும் தேய்பிறைக்கும், பகலுக்கும் இரவுக்கும் இதே கணக்குத்தான். ஏற்றத்திலிருந்து ஆறு மணி நேரம் கழித்து வற்றம். நிலவு நாள்தோறும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தி எழுகிறது. கடலும் அதனோடு பிந்துகிறது. முக்கால் மணி என்பது அந்த ஐம்பது நிமிடத்தின் நாட்டுக் கணக்கு. சற்று முன்பின்னாக இருக்கும், ஆயினும் கைகொடுக்கும்.

வீடு திரும்பியதும் தந்தையார் செய்த முதற்காரியம், சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியைக் கழற்றியதுதான். அதில் திதி நாள்தோறும் அச்சிட்டிருக்கிறது. அமாவாசைப் படையலுக்கும் கார்த்திகைக்கும் மட்டுமே பார்த்துவந்த அந்தத் தாளை அவர் மூக்குக்கண்ணாடி அணிந்து புரட்டத் தொடங்கினார். எங்கள் மகன் பக்கத்தில் அமர்ந்து முக்கால் வாய்ப்பாடு ஒப்பித்தான். பின்னவகுப்பில் அவன் வாங்கும் மதிப்பெண்ணைக் கண்டு கவலையுற்றிருந்த எங்கள் இல்லத்தரசிக்கு இது பெரிய ஆறுதல்.

அடுத்த முறை துவாதசியைத் தேர்ந்தெடுத்தார். பன்னிரண்டு முக்கால் ஒன்பது; காலை ஒன்பது மணிக்கு ஏற்றம். அதற்கு இரண்டு மணி நேரம் முன்னரே கரையில் இருக்க வேண்டும் என்று எங்களையெல்லாம் மூன்றரை மணிக்கே எழுப்பிவிட்டார். தங்கூசி நரம்பு, ஈயக்குண்டு, முள், இரைக்குச் சிறிய இறால்; இவ்வளவே எங்கள் கருவி. அலையில் தக்கைக்கு வேலையில்லை. நரம்பை விரலில் சுற்றிக்கொண்டு மீன் கடிப்பதை விரலாலேயே உணர வேண்டும். அன்று ஐந்து கிழங்கானும் ஒரு கெளுத்தியும் அகப்பட்டன. கெளுத்தியைக் கண்டதும் மகன் கை நீட்டினான். தந்தையார் போட்ட அதட்டலில் பக்கத்து நாய் எழுந்து ஓடிற்று. கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கச் செவுளையடுத்தும் உள்ள முள் குத்தினால் கடுப்பு எளிதில் தணியாது. முள்ளுக்குப் பின்புறமாகப் பிடித்து அதை ஒடித்துக் காட்டினார். குளத்துக் கெளுத்திக்கும் கடற்கெளுத்திக்கும் அதில் வேறுபாடில்லை. ஐம்பதாண்டு கழித்தும் அந்தக் கை மறக்கவில்லை.

ஐந்து கிழங்கான் ஆறு பேருக்கு எங்ஙனம் போதும்? நண்பரின் தாயார் சந்தையிலிருந்து அயிலை வாங்கி வந்து குறையை நிறைத்தார். அவர் வீட்டுப் பின்முற்றத்திலேயே மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினோம். சவுக்குத் தோப்புக்குள் தீ மூட்டலாகாது; உதிர்ந்த சவுக்கிலை பஞ்சு போலப் பற்றிக்கொள்ளும். தென்னை மட்டையும் தேங்காய்த் தொட்டியும் எரிபொருள். மண்சட்டியை எங்கள் தாராவிக் கும்பார்வாடாவிலேயே வாங்கி, இரண்டு நாள் அரிசி கழுவிய நீர் ஊற்றிப் பழக்கிக் கொண்டு சென்றிருந்தோம். தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் அங்கே அம்மியில் அரைத்தோம். புளிக்குப் பதிலாகக் கோகம் இட்டுப் பார்க்கச் சொன்னார் அந்த அம்மையார். பாதிக் குழம்பில் இட்டோம். நிறம் அழகு; சுவை நன்று; ஆனாலும் புளியே புளி என்பது தந்தையாரின் தீர்ப்பு. காற்று அடுப்பை அணைக்கும்போதெல்லாம் ஒரு பழைய சாக்கைப் பிடித்துக்கொண்டு மறைப்பாக நின்றவர் அவர்தான். எரிவாயு அடுப்பில் எத்தனை முறை வைத்தும் வராத ஏதோ ஒன்று அக்குழம்பில் இருந்தது. புகைதானோ, பசிதானோ!

வெளியில் அடுப்பு மூட்டுவது தாராவி மக்களுக்குப் புதிதன்று. தை முதல் நாள் தொண்ணூறடிச் சாலையில் பெண்கள் வரிசையாகக் கல் கூட்டிப் பொங்கலிடுவதைக் காணாதவர் நம்முள் யார்? 2024இல் தொடங்கிய மறுசீரமைப்புக் கணக்கெடுப்பில் எங்கள் தெருவையும் அளந்து சென்றனர். மாடிக் குடியிருப்பு வரும்போது அந்தக் கற்களை எங்கே கூட்டுவது என்று எங்கள் இல்லத்தரசி கேட்கிறார். கேள்வி நியாயமானதே.

எங்கள் மகளுக்கு மீன் பிடிப்பதில் ஆர்வமில்லை; வரைவதில் உண்டு. ஒரு கோடிட்ட குறிப்பேட்டில் ஒவ்வொரு மீனாக வரைந்து, இந்தப் பக்கம் தமிழ்ப் பெயரும் அந்தப் பக்கம் மராத்திப் பெயரும் எழுதுகிறாள். அயிலை என்றால் பாங்டா. சாளை என்றால் தார்லி. சீலாவுக்குச் சுர்மை, சென்னைப் பக்கத்தார் அதையே வஞ்சிரம் என்பர். காலாவுக்கு ராவஸ், மடவைக்குப் போய், இறாலுக்குக் கோலம்பி. பொம்பில் மட்டும் பொம்பிலாகவே எழுதப்பட்டிருக்கிறது. மீன்கூடை சுமந்து வரும் கோளிப் பெண்மணியிடம் தமிழில் பெயர் சொல்லித் தவிக்கும் புதுக் குடித்தனக்காரர்க்கு இந்தக் குறிப்பேடு பயன்படும். எங்கள் தெருவில் இருவர் ஏற்கெனவே பார்த்தெழுதிக் கொண்டனர்.

மாரிக்காலத்தில் கேள்வே செல்வதில்லை. மேற்குக் கரையில் ஜூன் முதல் நாளிலிருந்து ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை; கடலும் கொந்தளிக்கும். ஆவணி அவிட்டத்தன்று மாட்டுங்காவில் பூணூல் மாற்றிக்கொள்ளும் அதே பௌர்ணமியில் கோளிகள் கடலுக்குத் தேங்காய் படைத்து, மாரி தணியக் கடல் திறந்தது என்று மகிழ்கின்றனர். ஆயினும் திதிக் கணக்கு மழைக்காலத்தில் வேறு வகையில் உதவிற்று. பெருமழையும் பேரேற்றமும் ஒரே வேளையில் கூடினால் நகரின் நீர் கடலுக்குள் வடிய வழியின்றித் தண்டவாளத்தில் தேங்கும். சான்டாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்த 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஐ நம்முள் மறந்தவர் இலர். 4.5 மீட்டருக்கு மேல் கடல் எழும் நாட்களை மாநகராட்சி ஆண்டுதோறும் அறிவிக்கிறது. எங்கள் வீட்டில் அவ்வறிவிப்பு வாசலில் அமர்ந்திருக்கிறது. "இன்னைக்கு அமாவாசை. மத்தியானம் பன்னெண்டுக்கு ஏத்தம். மழையும் விடாது போல. சயான்ல வண்டி நிக்கும், சோத்தக் கூடுதலாக் கட்டிக்கோ" என்று சென்ற ஜூலையில் சொன்னார். அன்று இரவு பதினோரு மணிக்குத்தான் வீடு திரும்ப இயன்றது. கூடுதல் சோற்றை உடன் பணிபுரிந்த மூவர் பகிர்ந்து உண்டோம். அதன் பின் எங்கள் தெருவில் வேலைக்குச் செல்லும் சிலர் காலையில் அவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டே புறப்படுகின்றனர்.

சீட்டுப் பேச்சு இவ்விரண்டாண்டுகளில் எழவில்லை. நாங்களும் எழுப்பவில்லை. சென்ற மாதம் அவரே எழுப்பினார். சித்திரையில் ஊர்க் கோயிற் கொடை. தம்பியையும் பார்க்க வேண்டும். "சீட்டுப் போடுலே" என்றார். எங்கள் இல்லத்தரசி அடுக்களையில் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டார். தந்தையார் நாட்காட்டியைப் புரட்டிக்கொண்டே தொடர்ந்தார்: "வர்றதுக்கு ஏகாதசிக்கு முந்தியே இருக்கட்டும். துவாதசி அன்னைக்குப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்ல. ஓய்வு கிடைக்குமான்னு நீ கேட்டுச் சொல்லு."

போகும் சீட்டு எடுத்தாயிற்று. முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னர்தான் திறக்கும் ஆதலால், திரும்பும் சீட்டுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் பொறுக்க வேண்டும். அந்தத் தேதியை அவர் நாட்காட்டியில் சுழித்து வைத்திருக்கிறார்.