கலன்தான் கனம்

• சைக்கிளைக் கேஸில் ஓட்ட முடியுமா? சைக்கிளில் பூட்டும் சின்ன எஞ்சின்கள் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் கலந்த ஆயில்தான் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைக்கும். 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்கு இது அத்துப்படி. கேஸில் ஆயில் வராது. தனி ஆயில் பம்ப் இல்லாவிட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். கேஸ் என்றால் ஃபோர் ஸ்ட்ரோக்தான் சரி.

• எரிபொருளில் குறையில்லை. எல்பிஜியில் இருக்கும் புரொபேனின் ஆக்டேன் 100-க்கு மேல். சிஎன்ஜியில் இருக்கும் மீத்தேனுக்கு இன்னும் அதிகம். பிளக்கில் கரி படிவது குறையும். ஆனால் உள்ளே போகும் கலவையில் பத்தில் ஒரு பங்கு இடத்தை மீத்தேனே எடுத்துக்கொள்வதால் இழுவை குறையும். 50 சிசி எஞ்சினில் மேடு ஏறும்போது அது தெரியும்.

• 2024 ஜூலை 5-இல் புனேயில் வெளியான பஜாஜ் ஃப்ரீடம் 125, உலகின் முதல் சிஎன்ஜி பைக். பிடிக்கும் கேஸ் 2 கிலோ. அதைத் தாங்கும் சிலிண்டர் 16 கிலோ. 200 பார் அழுத்தத்துக்கு அவ்வளவு இரும்பு வேண்டும். கிட்டத்தட்ட ஒரு சைக்கிளின் எடை. இதை எந்தச் சைக்கிளில் ஏற்றுவது?

• இங்கே திருவனந்தபுரத்தில், கழக்கூட்டத்துக்குப் பக்கத்தில் கொச்சுவேளியில் சிஎன்ஜி உண்டு. கொச்சி புதுவைப்பிலிருந்து டாங்கர் லாரியில் திரவமாக வந்து, இங்கே வாயுவாகிறது. எரிபொருள் பக்கத்திலேயே இருக்கிறது. இலகுவான கலன் இல்லை.

• எல்பிஜிக்குப் பத்து பாருக்குள் அழுத்தம் போதும், கலனும் இலகு. அதற்காக அடுப்பு சிலிண்டரை கேரியரில் கட்டக் கூடாது. அது குற்றம், உயிருக்கும் ஆபத்து. கசிந்தால் எல்பிஜி தரையோடு தவழும், மீத்தேன் மேலே போகும். இங்குள்ள டெக்னோபார்க் பக்கத்து அடித்தள பார்க்கிங்குகளில் இந்த வித்தியாசம் மிக முக்கியம்.

• 1960-களில் இங்கே தும்பாவில் ராக்கெட் பாகங்களைச் சைக்கிளில் கொண்டு போனார்கள். இன்று இதே மாவட்டத்தில், வலியமலையில், மீத்தேன் ராக்கெட் எஞ்சின் உருவாகிறது. இத்தனை அறிவு இருக்கும் ஊருக்கு இரண்டு கிலோ கேஸுக்கான நல்ல கலன் எட்டாத காரியமல்ல.

• வழி ஏற்கெனவே தெரிகிறது. சமையலுக்கு இண்டேன் விற்கும் காம்போசிட் சிலிண்டர் இரும்புச் சிலிண்டரில் பாதி எடைதான். இருசக்கர வண்டிக்கென்று அப்படி ஒன்று, சோதித்து, அரசு அனுமதியோடு வரவேண்டும். ஸ்ரீகாரியம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் எஞ்சினை விட்டுவிட்டு முதலில் அதைச் செய்யட்டும்.