சுமதி குடிச்சாச்சா?

எங்கட வீட்டில் சுமதி எண்டு ஒருத்தரும் இல்லை. ஆனால் விடிய ஆறரைக்கு அம்மா குசினிக்குள் நிண்டு "சுமதி குடிச்சாச்சா?" எண்டு கத்துறது ஒழுங்கை முழுக்கக் கேட்கும். பக்கத்து வீட்டு அன்ரி ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஆரப்பா அந்தப் பிள்ளை? ஊரிலயிருந்து வந்து நிக்கிறாவோ?" எண்டு விசாரிச்சவா. அது பிள்ளை இல்லை, ஸ்மூதி. அம்மாவின் வாயில் சுமதியாகிவிட்டது. நாங்கள் ஒருத்தரும் திருத்தவில்லை.

2022இல் தொடங்கின விஷயம் இது. அக்காவின் மூத்தவளுக்கு அப்போது ஐந்து வயது, சின்னவனுக்கு மூன்று. இரண்டுபேரும் பால்மாவில் வளர்ந்தவர்கள். காலையில் ஒரு கப், பின்னேரம் ஒரு கப், இரண்டிலும் அளவில்லாமல் சீனி. அந்த வருஷம் மார்ச்சில் 400 கிராம் பால்மா பக்கற் 790 ரூபாவுக்கு ஏறியது. காசு இருந்தாலும் கடையில் இல்லை. கிளிநொச்சியில் நாங்கள் ஏறி இறங்காத கடை இல்லை. அந்த நேரம் பார்த்துச் சின்னவனைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக, நிறைப் படத்தில் அவனுடைய புள்ளி பச்சைக்குக் கீழே இறங்கியிருந்தது. குடும்பநல மாது பேசவில்லை. பேனையால் அந்தப் புள்ளியை இரண்டு தரம் தட்டினவா, அவ்வளவுதான். அக்கா வீட்டுக்கு வரும்வரை வாய் திறக்கவில்லை.

அம்மாவுக்கு உடனே வந்த யோசனை இலைக்கஞ்சி. சிவப்புப் பச்சையரிசி, தேங்காய்ப்பால், வல்லாரை, முசுட்டை, முருங்கையிலை எண்டு பட்டியல் போட்டா. அக்கா ஒரே சொல்லில் "வேண்டாம்" எண்டாள். 2009இல் அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஏழு. எனக்கு அரைகுறை ஞாபகம்தான். அவளுக்கு அப்படி இல்லை. உப்பும் தண்ணியுமாய் இருந்த அந்தக் கஞ்சிக்கு வரிசையில் நிண்டது அவள்தான். மே மாதத்தில் ரோட்டோரம் முள்ளிவாய்க்கால் கஞ்சி குடுக்கேக்க ஒரு மிடறு குடிப்பாள். வீட்டுக்குள் அந்தச் சொல்லே வரக்கூடாது. அம்மா வற்புறுத்தவில்லை. முற்றத்து முருங்கையைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தா. பிறகு என்னிடம், "உன்ர போனில அந்தப் பழமெல்லாம் போட்டு அடிக்கிறதைக் காட்டு பிள்ளை" எண்டா.

போனில் எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. போனில் வருகிற ஆக்களுக்கு மின்வெட்டு இல்லை. எங்களுக்கு மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லை. அட்டவணையை அம்மா குசினிச் சுவரில் ஒட்டி வைத்து, கரண்ட் நிக்கிறதுக்கு முதல் எழும்பி அடிச்சு வைப்பா. முதல்நாள் பப்பாப்பழமும் கிடைச்ச கொஞ்சப் பாலும். பிள்ளைகள் எழும்ப ஒன்றரை மணித்தியாலம் ஆச்சு. சின்னவன் வாயில் வைத்த வேகத்தில் துப்பினான். நான் குடிச்சுப் பார்த்தேன், கசப்பு. பப்பாசியில் இருக்கிற ஒரு நொதியம் பாலின் புரதத்தை உடைச்சுக் கசப்பாக்கிவிடும் எண்டு பிறகுதான் விளங்கினது. அன்னாசியும் அப்படித்தான். பாலோடு சேர்த்தால் உடனே குடிக்கவேண்டும், வைக்கக்கூடாது.

அதற்குப் பிறகு அம்மா களவு செய்யத் தொடங்கினா. மாம்பழத்துக்குள் முருங்கையிலை, வாழைப்பழத்துக்குள் பீற்றூட். முருங்கையிலையும் பீற்றூட்டும் ஒண்டாய்ப் போட்ட நாளில் வந்த நிறத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. பீற்றூட் மட்டும் போட்டால் வடிவான றோஸ் நிறம். "சொக்கா போட்டது" எண்டு சொல்லிக் குடிக்க வைத்தா. அடுத்தநாள் காலமை மூத்தவள் கக்கூஸிலிருந்து அழுதுகொண்டு ஓடிவந்தாள், மூத்திரம் சிவப்பாய்ப் போகுதாம். அக்கா பயந்து ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டுவிட்டாள். அப்போதுதான் அம்மா உண்மையைச் சொன்னா. பீற்றூட்டின் நிறம் சிலருக்கு அப்படி வெளியில் வரும், பயப்பட ஒண்டுமில்லை. ஆனால் மூத்தவள் பிடிச்சுக்கொண்டது வேறொன்றை. "அம்மம்மா பொய் சொன்னவா."

ஒரு கிழமை அவள் அம்மாவின் கையால் எதுவும் வாங்கவில்லை. சோறு, பிஸ்கற், தண்ணிகூட. தம்பியையும் தன் கட்சிக்கு இழுத்துவிட்டாள். அம்மா எங்களை வளர்த்த முறை உங்களுக்குத் தெரியாது. கண்ணை உருட்டினால் பாகற்காயே உள்ளே போகும். அந்த மனுசி ஐந்து வயதுப் பிள்ளைக்கு முன்னால் என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நிண்டதை நான் முதல்முதல் பார்த்தேன். மரக்கறியை ஒளிச்சுக் குடுக்கச் சொல்லி நிறையப்பேர் அறிவுரை சொல்லுவார்கள். என்னைக் கேட்டால், வேண்டாம். வயிற்றுக்குள் போகும்தான். ஆனால் அந்தப் பிள்ளை அடுத்த கோப்பையைச் சந்தேகத்தோடுதான் வாங்கும்.

கடைசியில் அம்மாவே இறங்கி வந்தா. ஒரு பின்னேரம் மூத்தவளைக் கூப்பிட்டு, "எத்தினை இலை போடலாம், நீ சொல்லு" எண்டா. அவள் நெடுநேரம் யோசிச்சு, "ரெண்டு." அம்மா இரண்டே இரண்டு வல்லாரை இலையை அவள் கண்ணுக்கு முன்னால் கழுவிப் போட்டா. அடுத்த கிழமை மூன்று. ஒரு மாதத்தில் ஒரு சின்னப் பிடி. சின்னவனுக்குப் பிளெண்டரின் பட்டனை அமத்துகிற உத்தியோகம். அவன் அமத்தாமல் மெசின் ஓடக்கூடாது. கரண்ட் இல்லாத நாளில் வாழைப்பழத்தை முள்ளுக்கரண்டியால் மசிக்கிறதும் அவன்தான். பாதி குசினி நிலத்தில், பாதி கோப்பையில்.

எங்கட வீட்டுச் சுமதியின் கணக்கு இதுதான்: ஒரு கப்பல் வாழைப்பழம், ஒரு கீற்று பப்பாசியோ மாம்பழமோ, தேங்காய்ப்பால் அரை ரம்ளர், வறுத்துத் தோல் நீக்கின கச்சான் ஒரு பிடி, இலை பிள்ளைகள் சொல்லுகிற அளவு, நாலு துளி தேசிக்காய்ப்புளி. தேசிக்காயின் விற்றமின் சீ இலையில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுக்க உதவும். கச்சான் குடும்பநல மாதுவின் யோசனை. பழத்தை மட்டும் கரைச்சுக் குடுத்தால் வயிறு நிரம்பும், நிறை ஏறாது எண்டு சொன்னவா. சின்னப் பிள்ளைகளுக்கு முழுக் கச்சான் தொண்டையில் சிக்கும். அரைச்சால் அந்தப் பயமும் இல்லை.

சீனி போடுறதில்லை. அம்மா அதையும் பிள்ளைகளிடம் விட்டுவிட்டா. இங்கே 2016இலிருந்து குளிர்பானப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை எண்டு சீனிக்கு நிறம் போடுகிறார்கள்தானே. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி எண்டால் சிவப்பு. அதை மூத்தவளுக்குக் காட்டிக் குடுத்தது நான்தான், இப்ப அனுபவிக்கிறதும் நான்தான். ஒரு சோடா வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் வரமுடியாது. "சித்தி, சிவப்பு!" எண்டு வாசலிலேயே மறிப்பாள்.

ஸ்மூதி மருந்தில்லை எண்டதையும் சொல்லவேண்டும். அடிச்ச பழம் கடிச்ச பழத்துக்கு ஈடில்லை. பழச்சாற்றில் இருக்கிற சீனியையும் உலக சுகாதார நிறுவனம் குறைக்கவேண்டிய சீனியோடுதான் சேர்க்கிறது. அதனால் சின்னக் கோப்பையில், காலையில் ஒரு தரம். பின்னேரம் பழத்தை வெட்டித் தட்டில். சின்னவனின் புள்ளி ஒரேயடியாக ஏறிவிடவில்லை. முட்டை, பருப்பு, நெத்தலி எல்லாம் சேர்ந்துதான் மூன்று நாலு மாதத்தில் கோடு மேல்நோக்கித் திரும்பினது. அந்தக் கொப்பியை அக்கா இரண்டு நாள் மேசையில் விரிச்சபடி வைத்திருந்தாள்.

பால்மா இப்போது கடையில் கிடைக்கிறது. சுமதி நிக்கவில்லை. இவ்வளவு நாளும் நான் கவனிக்காத ஒன்றைப் போன மாதம் மூத்தவள் கவனிச்சாள். இரண்டு கோப்பையில் ஊத்தின பிறகு, அம்மா ஜக்குக்குள் கொஞ்சம் தண்ணி விட்டுக் குலுக்கி, அந்தக் கழுவின தண்ணியைத்தான் குடிப்பா. 2022இலிருந்து அப்படித்தான். அண்டைக்கு அவள் அலுமாரியிலிருந்து இன்னொரு கோப்பையை எடுத்து வந்து வைத்தாள். தன்னுடையதிலிருந்து கொஞ்சம், தம்பியுடையதிலிருந்து கொஞ்சம். தம்பியிடம் அனுமதி கேட்கவில்லை, அவன் கத்தினான்.

"அம்மம்மா, குடியுங்கோ. மூண்டு இலைதான் போட்டது. பொய் இல்லை."