௸யாருக்கு ஒரு எஸ்.எம்.எஸ்.

ஆங்கிலத்தில் 'நீ' என்று எழுத வேண்டிய இடத்தில் 'யு' என்று ஒற்றை எழுத்தைப் போட்டால் வாத்தியார்களுக்கு வரும் கோபம் இருக்கிறதே! இந்தக் காலத்துப் பிள்ளைகள் செல்போனைப் பிடித்து இங்கிலீஷையே கெடுத்துவிட்டார்களாம்.

ஆனால் நாங்கள் படிக்கிற அக்கவுண்டன்சியைப் பாருங்கள். டெபிட்டுக்கு 'டி.ஆர்.' என்று போடுகிறோம் (டெபிட்டில் ஆர் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டதுண்டா?). இருப்பைக் கொண்டுபோக 'சி/டி', கொண்டுவர 'பி/டி'. இதெல்லாம் எழுதினால் மார்க். 'யு' எழுதினால் சிவப்பு மை.

'ஓ.எம்.ஜி.' நம்ம பசங்க கண்டுபிடித்தது என்று நினைத்தால் அதுவும் இல்லை. 1917-லேயே பிஷர் என்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 76!

எஸ்.எம்.எஸ். சுருக்கத்துக்குக் காரணம் சோம்பல் இல்லை, சிக்கனம். 1992-ல் முதல் எஸ்.எம்.எஸ். போனது. ஒரு செய்திக்கு 160 எழுத்துதான் இடம். பட்டன் போனில் 'எஸ்' அடிக்க 7-ஐ நாலு தடவை அமுக்கணும். தீபாவளி, பொங்கல் என்றால் சலுகை பேக் செல்லாது, ஒவ்வொன்றுக்கும் காசு. சுருக்காமல் என்ன செய்வார்கள்?

இப்போது வாட்ஸ்அப்பில் இடத்துக்கும் பஞ்சமில்லை, காசும் இல்லை. ஆனாலும் சுருக்கம் போகவில்லை, வேலையை மாற்றிக்கொண்டது. 'ஓகே' என்று பதில் வந்தால் சம்மதம். வெறும் 'கே' என்று வந்தால் ஆள் கோபமாக இருக்கிறான் என்று அர்த்தம். பின்னால் ஒரு முற்றுப்புள்ளியும் இருந்தால், அன்றைக்கு அவன் பக்கம் போகாமல் இருப்பது நல்லது :-) குரலும் முகமும் இல்லாத எழுத்தில் மனநிலையைக் காட்ட ஒரு வழி. இதைக் கெட்டுப்போன இங்கிலீஷ் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

உண்மையில் அடிபட்டது தமிழ்தான். அந்த 160 ஆங்கில எழுத்துக்குத்தான். யூனிகோடு தமிழில் அனுப்பினால் 70. அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'காரைக்குடி' நமக்கு 5 எழுத்து, போனுக்கு 10. ஏழு காரைக்குடி எழுதினால் மெசேஜ் தீர்ந்தது! பிறகு எல்லோரும் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்காமல் என்ன செய்வார்கள்? அதில் பலம், பழம், பாலம் மூன்றுக்கும் ஒரே ஸ்பெல்லிங். தட்டுப்பாடு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. எங்கள் கிளாஸ் குரூப்பில் தமிழ் எழுத்து வந்தால் அது யாரோ பார்வர்டு செய்ததாகத்தான் இருக்கும்.

இத்தனைக்கும் சுருக்கெழுத்தில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்தவர்களின் கணக்கு தமிழில்தான் நடந்தது. பழைய தமிழ்க் கணக்கில் பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵. 'மேற்படி'க்கு ௸. பழைய பத்திரத்தில் 'மேற்படியார்' என்பது '௸யார்' என்றே இருக்கும். 2003-லேயே யூனிகோடில் இவற்றுக்கெல்லாம் இடம் கொடுத்துவிட்டார்கள். போனில் இருக்கிறது, கை போவதில்லை.

கல்லலில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய பேரேடு உண்டு. டி.ஆர்., சி.ஆர். கரைத்துக் குடித்த பி.காம். மாணவன் நான் அதில் ஒரு பக்கம்கூட வாசிக்க முடியவில்லை. யாருக்கு யார் எவ்வளவு கொடுக்கணும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. கடைசியில் கடைக் கணக்கு எழுதிப் பழகிய எங்கள் தெருப் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். தினத்தந்தி வாசிக்கிற மாதிரி மடமடவென்று வாசித்தார். ஏன் ஐயா இவ்வளவு சுருக்கி எழுதினார்கள் என்று கேட்டேன்.

"பொழுதன்னைக்கும் எழுதுறவனுக்குக் கை வலிக்காதா தம்பி?" என்றார்.