எந்த சீட்டுல உட்கார்ந்திருந்தாங்க?

ஜனவரி 19, ஞாயிறு

பொங்கல் முடிந்து ஊர் திரும்பும் நாள். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய அரசு மருத்துவமனையில் எலும்பு முறிவுப் பிரிவில் இருப்பவர்களுக்கு இந்த ஞாயிறு எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. விடியற்காலை 108 வந்தது. ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்பக்கம் மோதிய கார். ஓட்டி வந்தவருக்கு முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். பின் சீட்டில் அவருடைய அம்மா, பெல்ட் போடவில்லை. மனைவியும் குழந்தையும் சிராய்ப்போடு தப்பிவிட்டார்கள்.

ஆம்புலன்ஸில் வந்த டெக்னீஷியனைப் பாராட்டியே ஆகவேண்டும். நொறுங்கிய காரை செல்போனில் படம் எடுத்து வந்திருந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே டேஷ்போர்டு உள்ளே குழிந்திருந்தது. மகனின் வலது முழங்காலில் சின்னதாக ஒரு காயம். தொடை நடுவில் வளைந்து வீங்கிக் கிடந்தது. படத்தையும் காலையும் சேர்த்துப் பார்த்தால் அடி போன பாதை புரிந்துவிடும். முழங்காலில் இடித்து, தொடை எலும்பு வழியாக மேலேறி, இடுப்பு மூட்டில் போய் முட்டியிருக்கிறது. அந்தப் பாதை முழுக்கத் தேட வேண்டும். முழங்கால் சில்லு, மூட்டுக்குள் இருக்கும் தசைநார், தொடை எலும்பின் தண்டு, அதன் கழுத்து, எலும்பின் தலை குழியை விட்டு நழுவியிருக்கிறதா என்பது வரைக்கும்.

ஆனால் முதலில் கைவைத்தது அவர்மீது அல்ல. அம்மாவுக்குப் பார்வைக்கு ஒன்றுமே இல்லை. "எனக்கு ஒண்ணுமில்ல சார், புள்ளைய மொதல்ல பாருங்க" என்றார். கை சில்லிட்டிருந்தது, நாடி 130. இடுப்பு எலும்பு ஒரு வளையம். கண்ணாடி வளையல் போல, ஒரே இடத்தில் மட்டும் உடைவது அரிது. உடைந்தால் ரத்தம் வெளியே வராது. உள்ளேயே லிட்டர் கணக்கில் தேங்கும். இடுப்பை இரண்டு பக்கமும் பிடித்து அழுத்தி ஆட்டிப் பார்ப்பது பழைய பழக்கம். உறையத் தொடங்கிய ரத்தம் அந்த ஆட்டலிலேயே மறுபடி கசியும் என்பதால் இப்போது அதைச் செய்வதில்லை. படுக்கை விரிப்பை நீளமாக மடித்து, தொடை எலும்பின் மேல்முனை பக்கவாட்டில் புடைத்துத் தெரிகிற மட்டத்தில் சுற்றி இறுக்கிக் கட்டினோம். அதற்கு மேலே, வயிற்றில் கட்டினால் பயனில்லை. ரத்தம் ஏற்றுவது, ஸ்கேன் எல்லாம் அதற்குப் பின்புதான்.

மகனுக்கு தாமஸ் ஸ்பிளிண்ட் போட்டு காலை நேராக்கினோம். தொடை எலும்பு முறிந்தால் தொடைக்குள் மட்டுமே ஒன்றரை லிட்டர் வரை ரத்தம் போகலாம். காலை இழுத்து நிறுத்தினால் ரத்தமும் குறைகிறது, வலியும் குறைகிறது.

ஜனவரி 20, திங்கள்

எக்ஸ்ரேயில் தொடைத் தண்டின் முறிவு வாசலில் நிற்பவருக்கும் தெரியும். அதுதான் ஆபத்து. பெரிய முறிவைப் பார்த்த கண், அடுத்ததைத் தேடாமல் நின்றுவிடுகிறது. எலும்பு முறிந்த இடத்துக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் படத்தில் விழவேண்டும், இரண்டு கோணங்களில் எடுக்கவேண்டும் என்று முதலாண்டு மாணவருக்கே சொல்லிக்கொடுக்கிறோம். டேஷ்போர்டு அடியில் அதுகூடப் போதாது. தண்டு முறிந்த அதே எலும்பின் கழுத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் இருக்கலாம்; சாதாரண எக்ஸ்ரேக்கு அது அகப்படாமல் போவதுண்டு. மெல்லிய அடுக்குகளாக சி.டி. எடுத்தோம். விரிசல் இருந்தது.

இதைப் பார்க்காமல் ராடு அடித்திருந்தால் என்ன ஆகும்? விரிசல் வாய் பிளந்து விலகும். எலும்பின் தலைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கழுத்தை ஒட்டித்தான் ஓடுகின்றன. அவை அறுந்தால் தலை மெல்ல மெல்லச் செத்துப்போகும். இந்த வயதில் செயற்கை இடுப்பு மூட்டு. ஆகவே கழுத்துக்கு முதலில் ஸ்க்ரூ போட்டு, பிறகு முழங்கால் பக்கமிருந்து மஜ்ஜைக் குழாய் வழியாக ராடு செலுத்தினோம். முடிய மதியமாகிவிட்டது.

எலும்புக்குள் ராடு செலுத்தும் இந்த முறையை 1939-இல் ஜெர்மனியின் கீல் நகரில் செய்தவர் கெர்ஹார்ட் குன்ட்ஷர். போரில் கைதிகளாகப் பிடிபட்டு, பிறகு ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்களின் தொடை எக்ஸ்ரேயில் நீளமான ஓர் உலோகக் கம்பியைப் பார்த்து அந்நாட்டு மருத்துவர்கள் திகைத்துப்போனார்களாம். அதுவரை தொடை முறிந்தவர் மாதக்கணக்கில் எடை கட்டிப் படுத்துக் கிடக்க வேண்டும்.

ஜனவரி 22, புதன்

நீண்ட எலும்புகள் முறிந்தால் முதல் மூன்று நாள் ஒரு பயம் உண்டு. மஜ்ஜைக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கும் மூளைக்கும் போகலாம். மூச்சுத் திணறல், உளறல், அக்குளிலும் கண்ணின் உட்புறத்திலும் சிவப்புப் புள்ளிகள். இவருக்கு எதுவும் இல்லை. சீக்கிரமே ராடு போட்டதில் இந்த லாபமும் உண்டு.

மயக்கமும் பெரிய வலியும் தணிந்த பிறகு தலையிலிருந்து கால்வரை மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். வலது கட்டைவிரலின் அடிக்குழியில் அழுத்தியதும் கையை உதறினார். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்த கை. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது. ஆனாலும் கட்டுப் போட்டோம். மணிக்கட்டின் அந்தச் சிறு படகெலும்பு முதல் படத்தில் முறிவைக் காட்டாமலே ஏமாற்றும்.

ஜனவரி 24, வெள்ளி

வேறொரு கார், வேறொரு குடும்பம். முன்கையின் இரண்டு எலும்பும் முறிந்த கல்லூரிப் பையன். நேற்று புத்தூர் கட்டு போட்டு அழைத்துப்போயிருக்கிறார்கள். இன்று விரல்கள் வீங்கி, மரத்து, யாராவது விரலை நீட்டினாலே அலறுகிறான். கட்டை அறுத்து, தசையின் உறையைத் திறந்துவிட்டோம். நல்ல நேரம், கை பிழைத்தது. உள்ளே அழுத்தம் ஏறினால் சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். நாடித் துடிப்பு இருக்கிறதே என்று காத்திருக்க முடியாது.

"கட்டுறவங்க மேல கேஸ் போடலாமா சார்?" என்று சித்தப்பா கேட்டார். எனக்கு அந்தக் கோபம் இல்லை. விலகாத சிறு முறிவுகள், அதிலும் குழந்தைகளுடையவை, அசையாமல் வைத்தாலே கூடிவிடும். அதனால்தான் கட்டுக்கு இத்தனை பேர். தவிர, வீக்கம் வற்றுவதற்குள் முழு மாவுக்கட்டைச் சுற்றினால் நாங்களும் இதே கெடுதலைத்தான் செய்வோம். அதற்காகவே முதலில் பாதிக்கட்டு மட்டும் போடுகிறோம். ஞாயிறன்று நான் போட்ட ஸ்பிளிண்டை உருவாக்கிய ஹியூ ஓவன் தாமஸும் வேல்ஸ் நாட்டில் பரம்பரையாக எலும்பு கட்டிய குடும்பத்தில் பிறந்தவர்தான். அப்பா அவரை மருத்துவம் படிக்க அனுப்பினார். பையனின் வீட்டாருக்கு நான் சொன்னது ஒன்றுதான்: யார் கட்டினாலும் சரி, கட்டிய பின் வலி ஏறினால், விரல் மரத்தால், அந்த நிமிடமே கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, திங்கள்

படகெலும்பு தன் கோட்டைக் காட்டிவிட்டது. முறிவின் ஓரத்தில் எலும்பு சற்றுக் கரைந்த பிறகுதான் கோடு தெரியும். விலகவில்லை. கட்டு தொடரும்.

அம்மாவுக்கு இடுப்பின் முன்பக்கத்தில் பிளேட். எழுந்து உட்கார்ந்து, பிரண்டைத் துவையலும் ஆட்டுக்கால் சூப்பும் கொடுக்கலாமா என்று மகனுக்காகக் கேட்டார். தாராளமாகக் கொடுங்கள், கூட முட்டையும் பருப்பும் கொடுங்கள் என்றேன். மகனிடம் சிகரெட்டைப் பற்றித் தனியாகப் பேசினேன். எலும்பு கூடுவதை அதைப்போலத் தாமதப்படுத்துவது வேறெதுவும் அவர் கையில் இல்லை.

ஜூன் 16, திங்கள்

மகனின் தொடையில் முறிவைச் சுற்றிப் புது எலும்பு நன்றாகப் படர்ந்திருக்கிறது. கழுத்து கூடிவிட்டது. தலையின் ரத்த ஓட்டம் பிழைத்ததா என்று உறுதியாகச் சொல்ல இன்னும் ஒன்றிரண்டு வருடம் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். அதை மறைக்காமல் சொன்னேன். அம்மா வாக்கர் இல்லாமல் நடந்து வந்தார். காரில் இப்போது பின்னாலும் பெல்ட் போடுகிறாராம்.

சாலையில் அடிபட்டவரைத் தூக்கிவிட ஓடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போலீஸ், கோர்ட் என்று பயப்பட வேண்டாம். உதவுகிறவரைக் காக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் தனிப் பிரிவே சேர்த்திருக்கிறார்கள். பணத்துக்கும் தயங்க வேண்டாம். 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 108-க்குச் சொல்லுங்கள். தீப்பிடிக்கிற மாதிரி இல்லையென்றால் அவர்களே வந்து தூக்கட்டும். அதுவரை காரை ஒரு படம் எடுங்கள். அடிபட்டவர் எந்த சீட்டில் இருந்தார், பெல்ட் போட்டிருந்தாரா என்று கேட்டு, வருகிற ஊழியரிடம் சொல்லி அனுப்புங்கள்.